ஆடாமல் ஒரே ஒரு படம்

2009-இல் எங்கள் ஆம்பூர் பல் மருத்துவமனைக்கு முப்பரிமாண எக்ஸ்ரே இயந்திரம் வந்து இறங்கியபோது நான் செய்த அலட்டல் கொஞ்சநஞ்சமல்ல. யார் தொட்டாலும் திட்டினேன். அதில் உட்கார முதலில் வந்த குழந்தை சௌம்யா, குடியாத்தத்து விசைத்தறி வீட்டுப் பெண். ஒன்பது வயதாகியும் மேல்வரிசை முன்பல் ஒன்று முளைக்கவில்லை. பேசும்போதெல்லாம் கையால் வாயை மூடிக்கொண்டாள்.

“தறிச் சத்தத்துல காது கேக்காது மேடம். உதட்டைப் பாத்துதான் பேசிக்குவோம். இவ வாயைப் பொத்திக்கிறா. ஒரு வருஷமா இன்னா சொல்றான்னே எனக்குத் தெரியல” என்றாள் அவள் அம்மா பூங்காவனம். எனக்குச் சுருக்கென்றது.

முன்பு எடுத்திருந்த சாதாரண எக்ஸ்ரே படத்தில் ஈறுக்குள் முன்பல்லும், அதை மறித்துக்கொண்டு வேண்டாத பல் ஒன்றும் தெரிந்தன. மறிப்பது முன்னாலிருந்தா, பின்னாலிருந்தா? தட்டையான படத்தில் அது தெரியாது. தவறான பக்கம் கீறினால் நல்ல பல்லுக்கே அடிபடலாம்.

“ஃபீபி, சி.டி. ஸ்கேனைவிட இதுல கதிர் ரொம்பக் கம்மிதான். அதுக்காகச் சின்னப் பிள்ளைக்கு ரெண்டு வாட்டி எடுக்கக் கூடாது. ஒரே படம்” என்று என்னிடம் சொன்னார் டாக்டர் டைட்டஸ்.

ஆடினால் படம் கலங்கிவிடும். சௌம்யாவோ நாற்காலியில் நெளிந்தாள், திரும்பினாள், காலாட்டினாள். பயப்படுகிறாள் என்று நினைத்து ஏ.சி.யை அணைத்தேன். வெளியே பேசியவர்களை அதட்டி வாயை மூடவைத்தேன். அறையில் சத்தமே இல்லை. அவள் இன்னும் மோசமாக நெளிந்தாள்! எனக்கு ஆத்திரமாக வந்தது.

சரி, பழகட்டும் என்று கதிர் விடாமல் இயந்திரத்தை மட்டும் சுற்றவிட்டேன். கிர்ரென்று அதன் கை அவள் தலையைச் சுற்றியது. சௌம்யா அப்படியே அடங்கிப்போனாள். கை நின்றது, மறுபடி நெளிய ஆரம்பித்தாள்.

“பொறந்ததுலேர்ந்து தறி ஓடற வீட்ல தூங்கறவ. தறி நின்னாதான் முழிச்சிக்குவா” என்று பூங்காவனம் சிரித்தாள்.

அடடா! ஏ.சி.யைப் போட்டேன், மின்விசிறியைப் போட்டேன், வெளியே இருந்தவர்களை நன்றாகக் கத்திப் பேசச் சொன்னேன். அவர்களுக்குக் கொண்டாட்டம். பொத்தானை அழுத்தினேன். சௌம்யா ஆடவே இல்லை.

திரையில் தாடை மெல்லத் திரும்பியது.

“பின்னாடி! டாக்டர், பின்னாடி இருக்கு!” நான் போட்ட கூச்சலில் வெளியே அத்தனை பேரும் அடங்கிவிட்டார்கள்.

முன்பக்கம் கீற நினைத்திருந்த டாக்டர் ஓடிவந்து பார்த்தார். “நல்ல வேளை! அண்ணத்துப் பக்கமா போய் எடுத்துடலாம். நல்ல பல்லைத் தொடவே வேணாம்” என்றார். அப்படியேதான் எடுத்தார்.

சில மாதங்கள் கழித்து இருவரும் வந்தார்கள். முன்பல் பாதி இறங்கியிருந்தது. சௌம்யா கையை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சத்தமே இல்லாமல் உதட்டை அசைத்தாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பூங்காவனம் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

“இன்னா சொன்னா?” என்றேன்.

“உங்க மிஷின் சத்தம் பத்தலயாம் மேடம்.”