ஜன்னல் கட்டில் டிக்கெட்

இடது தோள் விண்விண்ணென்று தெறித்தது. கிடங்கில் மூட்டை இறக்குகிறவனுக்குத் தோள்வலி புதிதல்ல. காலையிலிருந்து மகன் அந்தத் தோளில்தான் சாய்ந்து கிடந்தான். இறக்கிப் படுக்க வைக்க அப்பனுக்கு மனம் வரவில்லை.

"டிரைவரே, வண்டிய எடு," என்றான் மகன். குரல் பாதி காற்றாக வந்தது.

வண்டி என்பது வார்டின் சக்கர நாற்காலி. புற்றுநோய் வார்டில் மாதக்கணக்கில் கிடக்கிற பிள்ளைகளுக்குப் பொழுது போக வேண்டுமே என்று அப்பன் ஒருநாள் வாயாலேயே ஹாரன் அடித்துத் தள்ளப் போக, அது பஸ்ஸாகிவிட்டது. மகன் கண்டக்டர். வெள்ளைப் பிளாஸ்திரியைக் கிழித்துப் புறங்கையில் ஒட்டுவான், அதுதான் டிக்கெட். போகும்போது டிக்கெட், திரும்பும்போது ஆள் ஏற்றுவது.

"உங்க பஸ் கம்பெனியால என் பிளாஸ்திரியெல்லாம் காலி," என்று நர்ஸ் திட்டுவாள். திட்டிவிட்டுப் புது ரோலைத் தலையணைக்கடியில் செருகிவிட்டும் போவாள்.

வேண்டாம் என்று அம்மா கண்ணைக் காட்டினாள்.

"கேக்கிறான்ல, விடு," என்று போர்வையைச் சுற்றி உட்கார வைத்தான் அப்பன்.

ஜன்னல் கட்டில் வாயாடிக்கு ஐந்து வயது. வண்டி வருவதற்குள் கையை நீட்டிவிட்டாள்.

"எங்க போகணும்?"

"கடலுக்கு."

"இந்த வண்டி எக்ஸ்ரே ரூம் வரைக்கும்தான்."

"சரி, அங்கியே குடு. உங்கப்பாவ மெதுவா ஓட்டச் சொல்லு. போன தடவ சுவத்துல முட்டிட்டாரு."

மகனின் விரலில் வலு இல்லை. பல்லால் கடித்துக் கிழித்து ஒட்டினான்.

திரும்பும்போது மகனின் தலை சரிந்தது. மூச்சு இழுத்தது. அப்பன் ஹாரனை மறந்து, ஜன்னல் கட்டிலைத் தாண்டி ஓடினான்.

"ஆளை விட்டுட்டு வந்துட்டியே, டிரைவரே."

"அடுத்த டிரிப்புல ஏத்திக்கலாம், கண்டக்டர் சார்."

"டிக்கெட் குடுத்தாச்சுப்பா..."

"ஏத்திக்கிறேன்டா கண்ணா. மறக்க மாட்டேன்."

மத்தியானச் சாப்பாட்டு வண்டி வார்டுக்குள் வந்தபோது நர்ஸ் திரையை இழுத்தாள். டாக்டர் வந்து சொல்ல வேண்டியிருக்கவில்லை. அப்பனின் தோளுக்கு முன்னமே தெரிந்துவிட்டது.

மகனின் கையில் ஊசியைப் பிடித்திருந்த பிளாஸ்திரியை நர்ஸ் எடுக்கப் போனாள்.

"வலிக்காம எடுங்க, சிஸ்டர்," என்றாள் அம்மா.

நர்ஸ் பஞ்சை நனைத்து ஓரம் ஓரமாக, மெல்ல மெல்ல எடுத்தாள்.

கீழே வேன் வந்துவிட்டது. ஸ்ட்ரெச்சர் வேண்டாம் என்று அப்பனே மகனைத் தோளில் சாய்த்துத் தூக்கிக்கொண்டான். தட்டையும் டம்ளரையும் பையில் போட்டுக்கொண்டு அம்மா பின்னால் வந்தாள்.

"கண்டக்டர் தூங்கிட்டானா?" என்றாள் வாயாடி.

"ஆமாம்மா."

"சாப்பிடறப்பகூட நான் இந்தக் கைய நனைக்கல, பாருங்க." புறங்கையைத் தூக்கிக் காட்டினாள். பிளாஸ்திரியின் ஓரத்தில் பல் பட்ட தடம் இருந்தது. "வண்டி எப்ப வரும், டிரைவர் மாமா?"

அப்பன் தோளை மாற்றிக்கொள்ளவில்லை. படிக்கட்டுப் பக்கம் நடந்தான். எக்ஸ்ரே ரூம் வரைக்கும் ஒரு டிரிப், அவளுக்குப் பாக்கி.