கறுப்பு மேஜோடு

மயிலாப்பூர் சித்திரக்குளத்துப் பக்கம் குடியிருந்த வக்கீல் சந்திரமௌலியின் மேஜோடுகளுக்கு வீட்டுக்குள் இடமில்லை. தோல் பூட்ஸுக்குள் கிடந்த காலுறை மடிக்கு ஆகாது என்று அவர் அம்மா வைத்த சட்டம். ஹைகோர்ட்டிலிருந்து டிராமில் வந்து இறங்கியதும் வாசல் அறையிலேயே கழற்றிக் கூடையில் போட்டுவிட்டு, கால் கழுவிக்கொண்டுதான் உள்ளே வருவார். துணி வெளுக்கும் தாயம்மா கூடையோடு எடுத்துப் போவாள். கல்யாணமான இருபத்தாறு வருஷத்தில் அபயாம்பாள் புருஷனின் மேஜோட்டை ஒரு தரம்கூடத் தொட்டதில்லை.

1931-ஆம் வருஷம், ஆவணி மாதத்தில் ஒரு நாள் தாயம்மா கொல்லைப்புறத்தில் வந்து தயங்கி நின்றாள்.

"அம்மா, ஐயருக்குக் கால்ல இன்னா ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலையே. ஏன் கேக்கறே?"

"இடது கால் மேஜோடு வெறச்சுக்கினு கீதும்மா. கறுப்பா இருக்கசொல்லோ கண்ணுக்கு ஒண்ணும் தெரியல. தண்ணில போட்டா தண்ணி செவந்து பூடுது. ஒருவாட்டின்னா கேட்டிருக்க மாட்டேன். மூணு வாரமா இப்டித்தான்."

சாயங்காலம் அவர் வந்ததும் அபயாம்பாள் கேட்டாள்.

"பூட்ஸ் கடிச்சிருக்கும்" என்று சொல்லிவிட்டுச் சந்திரமௌலி கிணற்றடிக்குப் போனார். அந்த பூட்ஸ் வாங்கி மூன்று வருஷம் ஆகிறது. இப்போதா கடிக்கும்?

அவள் வாசல் அறைக்குப் போய்க் கூடைக்குள் கையை விட்டாள். இடது கால் மேஜோடு ஈரமாக, கனமாக இருந்தது. உள்பக்கத்தைத் திருப்பினாள். வாடை குப்பென்று அடித்தது. முன்பக்கத்தில் ஒரு பஞ்சுத் துண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. மடித்து, அளவாகக் கத்தரித்து வைத்த பஞ்சு. அவருக்குத் தெரிந்திருக்கிறது.

கால் கழுவித் திரும்பியவர் அவள் கையில் இருந்ததைப் பார்த்ததும் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"எத்தனை நாளா?"

"ஆடிப்பூரத்திலேர்ந்து."

"வலிக்கலையான்னா?"

"வலிச்சா சொல்லியிருப்பேனே. ஒண்ணுமே தெரியலை, அபயம். அதான் பயந்துட்டேன்."

அவருக்கு வெகு நாளாக நீரிழிவு. அவருடைய அப்பாவுக்கும் அதேதான். முழங்காலோடு எடுத்தார்கள், மூன்றாம் நாள் போய்விட்டார். அபயாம்பாள் தரையில் உட்கார்ந்து அவர் பாதத்தைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். கட்டை விரலுக்கு அடியில் ஒரு புளியங்கொட்டை அளவுக்குக் குழி. அவள் விரல் பட்டபோதுகூட அவர் முகம் சுளிக்கவில்லை.

மறுநாள் காலை ஜட்காவில் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். இரண்டு விரல்களை எடுத்தே ஆக வேண்டும், இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் காலே போயிருக்கும் என்றார் டாக்டர்.

"கறுப்பு மேஜோட்டில் ரத்தம் எப்படித் தெரியும்? இனிமேல் வெள்ளை நூல் மேஜோடு போடச் சொல்லுங்கள். தினமும் கழற்றியதும் உள்பக்கத்தைப் பாருங்கள்."

ஆபரேஷன் நடந்த நேரம் முழுக்க அபயாம்பாள் தாழ்வாரத்தில் நின்றாள். பக்கத்தில் படுத்துத் தூங்கியும், எதிரில் உட்கார்ந்து பரிமாறியும் தனக்குத் தெரியாதது, கொல்லைக் கதவோடு நின்றுவிடும் தாயம்மாவுக்குத் தெரிந்திருந்தது. அதை நினைத்து நினைத்து மாய்ந்துபோனாள்.

புண் ஆற மூன்று மாதம் பிடித்தது. கேஸ்கள் பாதிக்கு மேல் வேறு வக்கீல்களிடம் போய்விட்டன. திரும்பக் கோர்ட்டுக்குக் கிளம்பிய அன்று காலை, சந்திரமௌலி பெஞ்சில் உட்கார்ந்து வெள்ளை மேஜோட்டைக் கையில் வைத்துக்கொண்டு வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தார். அபயாம்பாள் அதை வாங்கி, அவர் காலில் மெல்ல ஏற்றினாள். விரல் இல்லாத இடத்தில் துணி மடங்கி உறுத்தாதபடி நீவி இழுத்துவிட்டாள்.

"இனிமே பயமா இருந்தா சொல்றேன்" என்றார் அவர், குனிந்திருந்த அவள் தலையைப் பார்த்து.

"சொல்லுங்கோ" என்று சொல்லிவிட்டு, அவள் மற்றக் காலுக்கு மேஜோட்டை எடுத்தாள்.