கரும்புயல் கையைத் தூக்கிய இரவு

ஒடிரிலே என் அண்ணனை நம்ப வைத்துக் கழுத்தறுத்தான். இதை எங்கள் ஊர் பிரான்சிஸ்டவுனில் எந்த மதுக்கடை வாசலில் வேண்டுமானாலும் நின்று சொல்வேன். அவன் காதில் விழட்டும்.

தோல் சட்டையும் சங்கிலியும் மாட்டித் திரிகிற எங்கள் ராக் கூட்டத்தில் அண்ணன் மொலெஃபிக்குக் கரும்புயல் என்று பெயர். இசைக்குழுவைத் தொடங்கியவன் அவன், பாட்டுகளும் அவனுடையவை. வேலை பார்த்த சுரங்கத்தில் பாறை சரிந்து இடது கையில் இரண்டு விரல்கள் மரத்துப்போன பிறகு, பாடகன் ஒடிரிலே வீட்டுக்கே வந்து சொன்னான்.

"சனிக்கிழமை உங்க தனி வாசிப்பு மட்டும் நல்லா வந்துடுச்சுன்னா, கடைசி வரைக்கும் கிதார் உங்களுதுதாண்ணே. இல்லன்னா கட்லோ வரட்டும்."

கட்லோ நேற்று முளைத்த கிதார்க்காரன். ஆனால் கை பேய் வேகம்.

அண்ணன் வெறிபிடித்த மாதிரி பழகினான். கிதார் போனால் தனக்கு வேறு பெயரே இல்லை என்றான். அண்ணி செதுன்யா தினமும் அந்த விரல்களுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டாள்.

மதுக்கடைப் பின்முற்றத்தில்தான் கச்சேரி. வெக்கையில் தோல் சட்டைக்குள் அத்தனை பேரும் வெந்துகொண்டிருந்தோம். தனி வாசிப்பு வந்தது. ஒரு சுரம் பிசகவில்லை. நான் தொண்டை கிழியக் கத்தினேன். பக்கத்தில் அண்ணி கை சிவக்கத் தட்டினாள். அண்ணன் எங்களைப் பார்த்துச் சிரித்தான். அவன் சிரித்து எத்தனை நாளாயிற்று.

எங்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. வாசிப்பு நெஞ்சில் ஏறிவிட்டால் எல்லோரும் புழுதியில் ஒரு முழங்காலை ஊன்றுவோம். வாசித்தவன் மேடையை விட்டு இறங்கி, நடுவில் நின்று அதையே மறுபடி வாசிக்க வேண்டும். அன்று மொத்தக் கூட்டமும் முழங்காலிட்டது. ஒடிரிலேயின் முகம் செத்துப்போனது.

"நேரமாச்சுப்பா, அடுத்த பாட்டுக்குப் போயிடலாம்" என்றான்.

ஒருவரும் எழவில்லை. அண்ணன் நீளமான ஒயரை இழுத்துக்கொண்டு இறங்கி வந்து, எனக்குக் கையெட்டும் தூரத்தில் நின்று தொடங்கினான்.

கொஞ்ச நேரத்தில் மோதிர விரல் கம்பியைத் தவறவிட்டது. கண்ணால் பார்த்தேன். ஆனால் ஒலிபெருக்கியில் சுரம் சுத்தமாக வந்தது. அண்ணன் விரல்களை உற்றுப் பார்த்தான். பிறகு இரண்டு கைகளையும் கிதாரிலிருந்து தூக்கினான். வாசிப்பு நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

பெரிய ஒலிபெருக்கிப் பெட்டிகளுக்குப் பின்னால் இருட்டில் உட்கார்ந்து கட்லோ வாசித்துக்கொண்டிருந்தான். அண்ணனின் கிதார், மேடையில் அண்ணன் காலடியிலிருந்த சின்னப் பெட்டியில் மட்டும்தான் கேட்கும்படி வைத்திருந்தார்கள். மேடை இரைச்சலில் தன் தடுமாற்றம் அண்ணனுக்கே சரியாகக் கேட்கவில்லை, கைதட்டலை நம்பிவிட்டான். இங்கே நடப்பது தெரியாத கட்லோ எல்லா நெளிவு சுளிவோடும் வாசித்து முடித்தான்.

யாரோ முதலில் சிரித்தார்கள். பிறகு எல்லோரும்.

"கையத் தூக்கிக்கிட்டே வாசிக்கிறாருப்பா, எங்க கத்துக்கிட்டாரு?"

"புயல் எப்பவோ கரையைக் கடந்துடுச்சு மச்சான்."

ஒடிரிலே மைக்கைப் பிடித்தான். "பின்ன என்ன பண்றது? சுவரொட்டியில அண்ணன் மூஞ்சி இல்லன்னா நீங்க வந்திருப்பீங்களா?"

அதற்கும் சிரித்தார்கள். அண்ணனோடு ஒரே தட்டில் தின்றவர்கள். நாய்கள்.

அண்ணன் கிதாரைக் கழற்றிப் புழுதியில் வைத்துவிட்டு வெளியே நடந்தான். நாங்கள் பின்னால் ஓடினோம். வெளிக்கதவருகே நின்று அண்ணியைப் பார்த்தான்.

"தினமும் என் பக்கத்துலயே உட்கார்ந்து கேட்டவ நீ. மேடையில வாசிச்சது நான் இல்லன்னு உனக்குத் தெரியுமா?"

அண்ணி பொய் சொல்லத் தெரியாதவள். அன்றைக்காவது கற்றுக்கொண்டிருக்கலாம்.

"தொடங்கினதுமே தெரிஞ்சுதுங்க."

"அப்புறம் ஏன் கை தட்டின?"

அவள் தலைகுனிந்தாள்.

"வாசிச்சது நல்லா இருந்துச்சு" என்றாள்.