எல்லாம் தெரிகிற லாகின்

மாலையில் அவள் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழையும் நேரமும் அண்ணி வேலைக்குக் கிளம்பும் நேரமும் ஒன்றுதான். செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் நின்றபடியே இருவரும் குடும்பம் நடத்தினார்கள். பிள்ளை வீட்டுப்பாடம் முடித்தாளா, கேஸ் தீர்ந்ததா, கப்பலில் வேலை பார்க்கும் அண்ணன் போன் பண்ணினானா, எல்லாம் அந்த ஐந்து நிமிடத்துக்குள் பேசி முடித்தாக வேண்டும்.

இருவருக்கும் ஒரே மருத்துவமனைதான். அண்ணி வார்டு உதவியாளர், நிரந்தரமாக ராத்திரி ஷிப்ட். அவள் அங்கே ஊழியர்களுக்கான போர்ட்டலை நிர்வகிப்பவள். சம்பளச் சீட்டு, விடுப்பு, அறிவிப்பு, விண்ணப்பம் என்று ஊழியர்களுக்கும் நிர்வாகத்துக்கும் இடையில் நடக்கும் அத்தனையும் அந்த இணையதளம் வழியாகத்தான் போகும். யாருக்கு எந்தப் பக்கம் தெரிய வேண்டும், எது எங்கே இருக்க வேண்டும் என்று அமைத்துக் கொடுப்பது அவள் வேலை. அங்கே எல்லோரும் அவளைப் "போர்ட்டலம்மா" என்பார்கள். அண்ணியும் கோபம் வந்தால் அப்படித்தான் கூப்பிடுவாள்.

"ஏம்மா போர்ட்டலம்மா, எங்களையெல்லாம் ஆந்தைன்னே முடிவு பண்ணிட்டீங்களா?"

"என்ன அண்ணி ஆச்சு?"

"பகல் ஷிப்ட்டுக்கு மாற யாருக்குமே விருப்பமில்லையாம். ஒருத்தர்கூட அப்ளை பண்ணலையாம். அதனால திட்டத்தையே கைவிடறாங்களாம். சூப்பர்வைசர் மெசேஜ் அனுப்பியிருக்காங்க."

அவள் பையைத் தொப்பென்று வைத்தாள். "நீங்க ஏன் அண்ணி அப்ளை பண்ணாம விட்டீங்க? இத்தனை வருஷமா இதுக்குத்தானே காத்திருந்தீங்க!"

"எங்க பண்றது?"

"முதல் பக்கத்துலயே போட்டேனே. பெருசா, பச்சைக் கட்டமா. நீங்கதான் பார்க்கலை."

 உள்ளறையில் அண்ணியின் மகள் பள்ளி உடையோடு படம் வரைந்துகொண்டிருந்தாள். பிள்ளை வீட்டில் இருக்கும்போது அண்ணி வேலையில் இருப்பாள். அண்ணி வீட்டில் இருக்கும்போது பிள்ளை பள்ளியில் இருப்பாள். ஒரே வீட்டில் குடியிருக்கும் இரண்டு வாடகைக்காரர்கள் மாதிரி ஆகிவிட்டார்கள் தாயும் பிள்ளையும். பகல் ஷிப்ட் என்ற பேச்சு வந்த நாளிலிருந்து "எப்ப வருது, எப்ப வருது" என்று அண்ணி நச்சரித்ததும், "வந்தா முதல் பக்கத்துலயே தெரியும்" என்று இவள் பதில் சொன்னதும் இருவருக்குமே ஞாபகம் இருந்தது.

அண்ணி போனைத் திறந்து நீட்டினாள். "நீயே பார்த்துச் சொல்லு."

சம்பளச் சீட்டு. விடுப்பு. கேன்டீன் நேரம். கை கழுவும் முறை பற்றிய வீடியோ. நான்கே கட்டங்கள். பச்சை எதுவும் இல்லை.

அவள் பக்கத்தைப் புதுப்பித்தாள். வெளியேறி மறுபடி உள்ளே வந்தாள். போனையே அணைத்துப் போட்டாள். அதே நான்கு கட்டங்கள்.

"கண்ணு தெரியாதது எனக்குத்தானே?" என்று போனைப் பிடுங்கிக்கொண்டு அண்ணி பஸ்ஸுக்கு ஓடினாள்.

மறுநாள் காலை, மருத்துவமனையின் அடித்தளத்தில், ஏசி மட்டும் தாராளமாக இருந்த அந்த ஜன்னலில்லாத அறையில் உட்கார்ந்த சில நிமிடங்களிலேயே விஷயம் பிடிபட்டது. பிடிபட்டதும் அவளுக்கு முகம் சுட்டது.

வார்டு ஊழியர்களுக்குத் தனி முகப்புப் பக்கம் அவள்தான் செய்து கொடுத்திருந்தாள். நிர்வாக அதிகாரி கேட்டார்: "அவங்களுக்கு எதுக்கும்மா அவ்வளவு கட்டம்? நாலு போதும். குழம்பிடுவாங்க." அந்தப் பக்கத்தில் புதிதாக எதைச் சேர்த்தாலும் அவர் அனுமதித்த பிறகே வெளியே தெரிய வேண்டும் என்றும் கேட்டார். அதையும் செய்து கொடுத்தாள். பகல் ஷிப்ட் கட்டத்தை அவள் சேர்த்தது நிஜம். ஆனால் அது அனுமதிக்குப் போய், அங்கேயே வரைவாகக் கிடந்தது. அட்மின் லாகினில் பார்த்தால் வெளிவந்ததும் தெரியும், வராத வரைவும் தெரியும், இரண்டும் ஒரே மாதிரி. அவள் எப்போதும் அந்த எல்லாம் தெரிகிற லாகினில்தான் பார்ப்பாள். சாதாரண ஊழியராக நுழைந்து பார்க்கவென்றே ஒரு சோதனை லாகின் உண்டு. அதன் பாஸ்வேர்டு காலாவதியாகிப் போயிருந்தது. புதுப்பிக்க அவளுக்குச் சோம்பல்.

"நீ பண்ணது தப்புதான்," என்றார் பக்கத்து மேஜை நெட்வொர்க்காரர், ஆறுதலாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு. "ஆனா அனுமதி கொடுக்காம வெச்சிருக்கிறது யாரு? நம்ம பார்க்கலாம் சார்."

எதைக் கேட்டாலும் "பார்க்கலாம்" என்று பதில் சொல்வதால் நிர்வாக அதிகாரிக்கு மருத்துவமனை வைத்த பெயர் அது. அவள் மாடிக்குப் போனாள்.

"சார், பகல் ஷிப்ட் கட்டம் உங்க அனுமதிக்கு வந்து அப்படியே கிடக்கு. நீங்க கவனிக்கலைன்னு நினைக்கிறேன்."

"கவனிச்சேன்மா."

"கவனிச்சீங்களா?"

"கவனிச்சுட்டுத்தான் விட்டேன்." அவர் கண்ணாடியைத் துடைத்தார். "எல்லாரும் பகலுக்கு வந்துட்டா ராத்திரி வார்டுல யாரு நிப்பா? நீ நிப்பியா?"

"அதுக்குத்தான் விதி இருக்கே சார். ரொம்ப காலமா ராத்திரியில இருக்கிறவங்களுக்கு முதல்ல, இடம் இருக்கிற வரைக்கும். நிர்வாகக் குழுவே முடிவு பண்ணினதுதானே?"

"குழு முடிவு பண்ணிட்டு வீட்டுக்குப் போயிடும். வார்டை ஓட்டறது நான்."

"அப்புறம் எப்படி சார் யாருக்கும் விருப்பமில்லைன்னு எழுதினீங்க?"

"விண்ணப்பம் வரலை. வரலைன்னு எழுதினேன். இதுல பொய் எங்க இருக்கு?"

 கதவை வெளியே பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, உள்ளேயிருந்து யாரும் வரவில்லையே என்று அறிக்கை எழுதியிருக்கிறார் மனிதர். எழுதிவிட்டுப் பொய்யில்லை என்று வேறு கேட்கிறார்.

"சரி, இவ்வளவு தூரம் வந்துட்டே," என்று அவர் இறங்கி வந்தார். "இப்பவே அனுமதி கொடுத்துடறேன். நீ பழைய தேதியைப் போட்டு வெளியிட்டுடு. கடைசித் தேதியும் முடிஞ்சு போச்சு, யாரும் அப்ளை பண்ண முடியாது. எவராவது கேட்டா, இருந்ததே, நீங்கதான் பார்க்கலைன்னு சொல்லிடலாம். உனக்கும் வம்பில்லை, எனக்கும் வம்பில்லை."

நீங்கதான் பார்க்கலை. நேற்று மாலை செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் நின்று அண்ணியிடம் அவள் சொன்ன அதே வார்த்தை. இப்போது இவர் வாயில்.

"பழைய தேதி போட மாட்டேன் சார். தேதியை நீட்டிச்சுக் கொடுங்க, இப்பவே வெளியிடறேன்."

"பார்க்கலாம்," என்றார் அவர்.

அவள் அங்கிருந்து நேராக மருத்துவமனை இயக்குநரிடம் போனாள். அவர் நின்றுகொண்டே கேட்டார். கேட்கும்போதே எங்கோ போக ஒரு ஃபைலை எடுத்துக்கொண்டார்.

"ஏதோ தொழில்நுட்பக் கோளாறு. அடுத்த முறை கவனமா இருங்க."

"கோளாறு இல்லை சார். அனுமதி தராம வெச்சிருந்தாங்க. வார்டுக்காரங்களுக்கு அடுத்த வாய்ப்பு எப்ப வரும்னே தெரியாது. தேதியை மட்டும் நீட்டினா போதும்."

"பேஜ்ல ஒரு கட்டம் இல்லை, அவ்வளவுதானே? இது ஒரு அவசரமா? எழுதிக் கொடுங்க, வரிசைப்படி பார்ப்பாங்க."

அவசரமில்லை. அந்த வார்த்தையை அவள் படிக்கட்டு முழுக்க மென்றுகொண்டே இறங்கினாள். ஆள் குறைவு என்று நடுவில் கூப்பிட்டால் அண்ணி ஓடி வர வேண்டியது அவசரம். லீவு நாளில் சூப்பர்வைசர் போன் பண்ணினால் எடுக்க வேண்டியது அவசரம். பிள்ளையோடு ஒரு வேளை உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று ஒருத்தி நினைத்தால் மட்டும் அதற்கு வரிசை உண்டு.

இருக்கையில் உட்கார்ந்ததும் அவள் போர்ட்டலின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தாள். எந்தக் குழுவுக்கு எந்த முகப்பு என்று தேர்வு செய்யும் இடம். அதிகாரிகள் குழுவுக்கு எதிரே "அதிகாரிகள் முகப்பு" என்றிருந்தது. அவள் அதைச் சொடுக்கினாள். கீழே விரிந்த பெயர்களில் "வார்டு முகப்பு" இருந்தது.

நெட்வொர்க்காரர் எட்டிப் பார்த்தார். "ஏய், என்ன பண்றே?"

"நோயாளி விவரம், மருந்து, அறுவை சிகிச்சை, எதுவும் இதுல இல்லை. அது வேற சர்வர், அதை நான் தொட மாட்டேன். இது வெறும் ஊழியர் பேஜ். நாலு கட்டம் போதும்னு அவங்கதானே சொன்னாங்க?"

"வேண்டாம். சாப்பாட்டு நேரத்துக்குள்ள நம்ம தலையில வந்து விழும்."

"விழட்டும்."

சேமித்தாள்.

முதல் அழைப்பு வந்தபோது காபிகூட ஆறியிருக்கவில்லை. கணக்கு அதிகாரி. "என்னம்மா, என் பேஜ்ல கை கழுவுற வீடியோ ஓடுது!"

"நல்ல வீடியோதான் சார், பாருங்க."

அடுத்தவர் கொள்முதல் பிரிவு: "மீட்டிங் ரூம் புக்கிங் எங்க போச்சு? வெளியாளுங்க வந்து நிக்கிறாங்க!" இன்னொருவர் தன் கார் நிறுத்துமிடம் காணாமல் போனதாக அலறினார், காணாமல் போனது அதற்கான கட்டம்தான். எல்லோரும் தவறாமல் சொன்ன ஒரே வார்த்தை, அவசரம். நெட்வொர்க்காரர் இரண்டு போனையும் இரண்டு காதில் வைத்துக்கொண்டு, திட்டுவதா சிரிப்பதா என்று தெரியாமல் தவித்தார்.

கடைசியில் இயக்குநரே அடித்தளத்துக்கு இறங்கி வந்தார். அந்த அறை எந்தப் பக்கம் என்று வழி கேட்டுத்தான் வந்திருப்பார். பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு பார்க்கலாம் சார்.

"என்ன நடக்குது இங்க? என் பேஜ் காலியா இருக்கு!"

"காலியா இல்லை சார். அது வார்டு ஊழியர்களோட பேஜ். அவங்க தினமும் பார்க்கிறது இதைத்தான்." அவள் எழுந்து நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினாள். "உங்க லாகின்ல நுழைஞ்சு பகல் ஷிப்ட் விண்ணப்பம் எங்க இருக்குன்னு கண்டுபிடிங்க. கிடைச்சா இப்பவே எல்லாத்தையும் பழையபடி மாத்திடறேன்."

அவர் உட்காரவில்லை. ஆனால் குனிந்து மவுஸைப் பிடித்தார். விடுப்புக்குள் போனார். சம்பளச் சீட்டுக்குள் போனார். கேன்டீன் நேரத்தைக்கூட ஒருமுறை திறந்து பார்த்தார். கை கழுவும் வீடியோ தானாக ஓட ஆரம்பித்து, சோப்பை நன்றாக நுரைக்கச் சொன்னது.

"இதுல இல்லையே," என்றார் எரிச்சலோடு.

"இல்லை சார். அவங்களுக்கும் இல்லை. ஆனா அவங்களுக்கு விருப்பமில்லைன்னு எழுதிட்டாங்க."

"சார், இது அப்பட்டமான ஒழுங்கீனம்," என்று பார்க்கலாம் சார் ஆரம்பித்தார்.

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க." இயக்குநருக்கு மனம் மாறிவிட்டது என்று சொல்ல முடியாது. அவர் அவளையும் முறைத்தார், பார்க்கலாம் சாரையும் முறைத்தார். அவருக்கு வேண்டியது அவர் பேஜ். "இந்த வாரம் முழுக்கத் திறந்து வைங்க. தேதியை நீட்டிடுங்க. இப்பவே அனுமதி கொடுங்க, என் கண் முன்னால. என் பேஜை மொதல்ல கொடுத்துத் தொலைங்க."

பார்க்கலாம் சார் போனை எடுத்து, வேண்டாவெறுப்பாக ஒரு பட்டனை அழுத்தினார். அத்தனை நாள் அவர் செய்யாமல் வைத்திருந்த வேலை அவ்வளவுதான். அவள் முகப்பைத் திருப்பி வைத்தாள். போகும்போது இயக்குநர் சொன்னார்: "உங்க அட்மின் உரிமையை இன்னைக்கே எடுத்துடுவாங்க. விளக்கக் கடிதம் கொடுங்க."

"கொடுக்கிறேன் சார். வரிசைப்படி."

நெட்வொர்க்காரர் இருமுவது போல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அன்று மாலை செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் அண்ணி ஒரு கால் செருப்போடு நின்று போனைத் தட்டிக்கொண்டிருந்தாள். மகள் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு எட்டி எட்டிப் பார்த்தாள். பச்சைக் கட்டம் வந்திருந்தது.

"வார்டு பூரா இதே பேச்சு," என்றாள் அண்ணி. "உனக்கு ஏதோ பிரச்சினையாமே?"

"அதை விடுங்க. நேத்து நீங்கதான் பார்க்கலைன்னு சொன்னேன். என் மேலதான் தப்பு அண்ணி. சீக்கிரம் அப்ளை பண்ணுங்க. உங்க வருஷக் கணக்குக்கு நீங்க மேலதான் இருப்பீங்க."

அண்ணி ஒவ்வொரு இடமாக நிரப்பிக்கொண்டே போய் ஓரிடத்தில் நின்றாள். "இது என்ன, காரணம்னு கேக்குது? எழுதாம விட்டா சிவப்புல திட்டுது."

அந்தப் பெட்டியும் அவள் செய்ததுதான். காரணம் எழுதாமல் விண்ணப்பம் போகக் கூடாது என்று கேட்டார்கள், கட்டாயமாக்கிக் கொடுத்தாள். இப்போது எடுத்துவிடலாம் என்றால் கையில் சாவி இல்லை.

"எழுதித்தான் ஆகணும் அண்ணி."

"நல்லாயிருக்கே!" அண்ணியின் குரல் உயர்ந்தது. "என்னை ராத்திரிக்குப் போட்டப்ப யாராவது காரணம் கேட்டாங்களா? இல்லை காரணம் சொன்னாங்களா? பகல்ல வேலை பார்க்கவும், பெத்த பிள்ளை தூங்கறதைப் பார்க்கவும் நான் காரணம் எழுதணுமா?"

"அதையே எழுதுங்க."

"எதை?"

"இப்ப சொன்னதை. ஒரு எழுத்து மாத்தாம."

 அண்ணி கழற்றாத செருப்போடு அங்கேயே தரையில் உட்கார்ந்து, மகளை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு, எழுத ஆரம்பித்தாள். பஸ் போனால் போகட்டும்.