மூடி போட்டு வைத்த கட்லெட்

எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தில் யார் வீட்டில் கட்லெட் செய்கிறார்கள் என்பதை மூக்குக்கு முன்னால் காது கண்டுபிடித்துவிடும். பொரிப்பதற்கு முன் இறைச்சித் துண்டைச் சுத்தியலால் தட்டித் தட்டையாக்கும் சத்தம் கான்கிரீட் சுவருக்குள் புகுந்து மேலும் கீழும் பயணம் போகும். மூன்றாம் மாடிக்காரர் யாரையோ அடிப்பதுபோல மூச்சுவிடாமல் தட்டுவார். நான்காம் மாடியில் இலோனா இரண்டு தட்டு தட்டுவாள், நிறுத்துவாள், மறுபடி இரண்டு. நிறுத்துகிற நேரத்தில் இறைச்சியைத் திருப்பிப் போடுகிறாள் என்று கேட்டுக் கேட்டுப் புரிந்துகொண்டேன்.

இலோனா என் மனைவி. வசந்த காலத்தில் பிரிந்தோம். நார்வேக்கு வேலைக்குப் போன ஒருவருடைய வீடு இதே படிக்கட்டில் இரண்டாம் மாடியில் காலியாக இருந்தது. அதை வாடகைக்கு எடுத்துக்கொண்டேன். இலோனாவும் எங்கள் மகள் யகோடாவும் பழைய வீட்டிலேயே இருக்கிறார்கள். புதன்கிழமைகளில் யகோடா இரண்டு மாடி இறங்கி என்னோடு சாப்பிட வர வேண்டும் என்பது ஏற்பாடு.

அந்த ஏற்பாடுதான் ஆட்டம் கண்டிருந்தது. போன புதன்கிழமை அவள் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னாள்:

"அப்பா, மறுபடியும் ஃப்ரீசர் கொழுக்கட்டையா? அடுத்த வாரமும் இதுதான்னா நான் வரல. மேலேயே உக்காந்து கணக்கு போடுறேன்."

யகோடாவுக்குக் கணக்கு என்றாலே ஆகாது. அதனால் அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று தெரிந்தது. பதின்மூன்று வயதுப் பெண் ஒரு புதன்கிழமை வராமல் இருந்துவிட்டால் அதற்கடுத்த புதன்கிழமை வராமல் இருப்பது இன்னும் சுலபம். நான் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். சின்னதாக ஒரு உதறல் தெரியும்போதே பிரித்துப் பார்த்துவிட வேண்டும்.

ஆகவே கட்லெட். இலோனா எப்போதும் வாரநாளில்தான் செய்வாள். ஊரெல்லாம் ஞாயிற்றுக்கிழமை செய்யும். எங்களுக்கு ஞாயிறு என்றால் மாமியார் வீட்டுக் கோழி சூப். யகோடாவுக்கு அம்மாவின் கட்லெட் உயிர். நானும் அதை வருடக்கணக்காகச் சாப்பிட்டவன். அதே மாதிரி செய்துவிட்டால் போதும் என்று கணக்குப் போட்டேன்.

கறிக்கடையில் எலும்பில்லாத பன்றி முதுகு இறைச்சியை விரல் பருமனுக்கு ஆறு துண்டு வெட்டி வாங்கினேன். பலகையில் வைத்து, மேலே ஒரு பிளாஸ்டிக் பையை விரித்துத் தட்டத் தொடங்கினேன். சுத்தியலின் ஒரு பக்கம் பல் பல்லாக இருக்கும், மறு பக்கம் வழவழப்பு. பல் உள்ள பக்கம் இறைச்சியைக் கிழித்துவிடும். கிழிந்த இடத்தில் சாறு வெளியே வந்தால் மேலே பூசுவது ஒட்டாது. வழவழப்பான பக்கத்தால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தட்ட வேண்டும். தடிமன் எல்லா இடத்திலும் ஒன்றாக இருந்தால்தான் ஒன்றாக வேகும். ஓரத்துக் கொழுப்பில் கத்தியால் நாலைந்து கீறல். இல்லாவிட்டால் சூட்டில் கொழுப்பு சுருங்கி, இறைச்சியைக் கிண்ணம்போல மடக்கிவிடும்.

மூன்றாவது துண்டைத் தட்டும்போது கதவு தட்டப்பட்டது. கீழ்வீட்டு லூசினா அம்மாள், கையில் குப்பை வாளியோடு.

"என்ன ராடெக், புதன்கிழமை ஞாயித்துக்கிழமை சத்தம் கேக்குது?"

"கட்லெட்டுங்க. யகோடா வர்றா."

"நெசமாவே இறைச்சிதானா? நாலு பேரு கேக்கட்டும்னு வெறும் பலகையைத் தட்டுற ஆளுங்க இந்தக் கட்டடத்துல உண்டு. அதான் ஒரு எட்டு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

பலகையைக் காட்டினேன். எட்டிப் பார்த்துத் தலையை ஆட்டினார். "பரவால்லையே. மேல உங்க வீட்டம்மாவுக்கும் கேட்டிருக்கும்" என்று சொல்லிவிட்டு வாளியோடு இறங்கிப் போனார்.

கேட்டிருக்கும் என்பது எனக்கும் தெரியும். அடுத்த துண்டை என்னையறியாமல் இரண்டு தட்டு, ஒரு நிறுத்தம் என்று தட்டினேன்.

உப்பும் மிளகும் போட்டு, மூன்று தட்டுகளை வரிசையாக வைத்தேன்: மாவு, அடித்த முட்டை, ரொட்டித்தூள். இந்த வரிசை எனக்கு மிகவும் பிடித்தது. இறைச்சி ஈரமானது, முட்டை அதன்மேல் நிற்காமல் வழுக்கும். மாவு அந்த ஈரத்தைக் குடித்துச் சொரசொரப்பாகிறது. சொரசொரப்பில் முட்டை பிடிக்கிறது, முட்டையில் தூள் பிடிக்கிறது. ஒவ்வொன்றும் அடுத்ததற்குக் கை கொடுக்கிறது. மாவை உதறாமல் விட்டால் அது தனித் தோலாகிக் கழன்றுவிடும். தூளை அழுத்தவும் கூடாது, லேசாகத் தட்டிக் கொடுத்தால் போதும்.

வாணலியில் பன்றிக் கொழுப்பை உருக்கினேன். ஒரு சிட்டிகை தூளைப் போட்டேன், உடனே நுரைத்து மேலே வந்தது. சூடு சரி. ஒரு நேரத்தில் இரண்டு துண்டுக்குமேல் போடவில்லை. கூட்டம் சேர்ந்தால் கொழுப்பு ஆறிப்போகும், ஆறின கொழுப்பைத் தூள் குடித்துவிடும். பொரிகிற சத்தம் ஆரம்பத்தில் மழைபோல இருந்து, பிறகு தணியும். அந்தச் சத்தம் என்பது இறைச்சியின் தண்ணீர் ஆவியாகி வெளியே ஓடுவது. அது ஓடும்வரை கொழுப்பு உள்ளே வர முடியாது.

நான்கு கட்லெட் பொன்னிறமாக வந்தன. மீதி இரண்டு துண்டை மறுநாளுக்கு என்று அப்படியே குளிர்பெட்டியில் வைத்தேன். உருளைக்கிழங்கு வெந்திருந்தது. வெள்ளரிக்காயைச் சீவிப் புளித்த கிரீமில் போட்டிருந்தேன்.

இனிக் கடைசி வேலை. நான்கையும் கனமான பாத்திரத்தில் அடுக்கி, இறுக்கமாக மூடி, மிகச் சிறிய தீயில் வைத்தேன். இலோனாவின் கட்லெட்டில் ஒரு மென்மை இருக்கும். கத்தியே வேண்டாம், முள்கரண்டி போதும். மூடிக்குள் தன் ஆவியிலேயே கிடப்பதால்தான் அந்த மென்மை. அதுவும் எனக்கு நன்றாகப் புரிந்திருந்தது.

யகோடா ஆறு மணிக்கு வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே மூக்கை உறிஞ்சினாள்.

"நீயா தட்டின? அம்மா சுவத்துல காதை வச்சுக் கேட்டா தெரியுமா?"

"என்ன சொன்னா?"

"'உங்கப்பா விரலைத் தட்டிக்காம இருந்தாச் சரி'ன்னா."

அவளே பாத்திரத்தின் மூடியைத் திறந்தாள். ஆவி முகத்தில் அடித்தது. முள்கரண்டியால் ஒன்றைத் தூக்கினாள். மேல்தோல் ஈரச் சட்டைபோலக் கழன்று பாத்திரத்திலேயே தங்கிவிட்டது. வெளிறிய இறைச்சி மட்டும் முள்கரண்டியில் தொங்கியது.

"அய்யோ, அப்பா! என்னப்பா பண்ணி வச்சிருக்க?"

"என்னம்மா? அம்மா செய்யற மாதிரியேதான். மூடி போட்டு, சின்னத் தீயில..."

"அம்மா எங்க மூடி போடுறா? வாணலியில இருந்து நேரா என் தட்டுக்கு வரும். கடிச்சா மொறுமொறுன்னு பக்கத்து வீட்டுக்குக் கேக்கும்!"

"நான் சாப்பிட்டதெல்லாம் இப்படித்தானே இருந்துச்சு?"

அவள் என்னைப் பார்த்த பார்வை மாறியது. பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அப்பா! அது உனக்கு எடுத்து வச்சதுப்பா! நீ ராத்திரி பத்தரைக்கு வருவ. ஆறிடக் கூடாதுன்னு மூடி வைப்பா. நாங்க அஞ்சு மணிக்கே சாப்பிட்டு முடிச்சிருப்போம். அது சமையல் இல்ல, வெயிட்டிங்!"

நான் உட்கார்ந்துவிட்டேன். யோசித்துப் பார்த்தேன். வசந்தம்வரை எனக்கு எப்போதும் மதியம் தொடங்கும் இரண்டாம் ஷிப்ட். வேலையிடத்துக் கேன்டீனில் கட்லெட்டைப் பெரிய எஃகுத் தட்டில் மூடி போட்டுத்தான் வைத்திருப்பார்கள். சின்ன வயதில் என் அம்மா ஆலைக்குப் போகுமுன் பொரித்து, மூடி, பாத்திரத்தைப் போர்வையில் சுற்றிக் கட்டிலில் வைத்துவிட்டுப் போவாள். பள்ளி விட்டு வந்து எடுத்துச் சாப்பிடுவேன். எனக்குக் கட்லெட் என்றாலே அதுதான். இதைச் சொன்னதும் யகோடாவின் சிரிப்பு நின்றது.

"அப்ப நீ மொறுமொறுன்னு சாப்பிட்டதே இல்லையா?"

"அம்மாவும் என்னோட இதைத்தானே சாப்பிட்டா? பாத்திரத்துல எப்பவும் ரெண்டு இருக்கும்."

"அவளுக்கு இது சுத்தமாப் பிடிக்காது. என்கூட அஞ்சு மணிக்கு உக்காந்து வெள்ளரிக்காயை மட்டும் கொறிச்சுக்கிட்டு இருப்பா. 'உனக்கு?'ன்னு கேட்டா, 'அப்பா வரட்டும்'னுவா."

பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாய்த்து வைத்திருந்த மூடியின் உள்பக்கம் திரண்ட நீர்த்துளிகள் ஒவ்வொன்றாகக் கீழே விழுந்தன. வெளியே போக வழியில்லாத ஆவி வேறெங்கே போகும்? திரும்பி வந்து தோலைத்தான் நனைக்கும். ஒரு லிஃப்ட் மெக்கானிக்குக்குத் தெரியாத விஷயமா இது?

"அப்புறம் அந்தப் பாத்திரத்துல ஒண்ணுதான் இருந்துச்சு" என்றேன். "போன குளிர்காலத்துல. அவளுக்குப் பசியில்லைன்னு நினைச்சேன்."

"ம்" என்றாள் யகோடா.

பிறகு கேட்டாள்: "இப்ப மட்டும் எப்படிக் காலை ஷிப்ட் குடுத்தாங்க?"

"கேட்டேன். குடுத்தாங்க."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

அவள் எழுந்து குளிர்பெட்டியைத் திறந்தாள். அந்த இரண்டு துண்டைக் கண்டுபிடித்து வெளியே எடுத்தாள். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, "மாவு எங்க?" என்றாள்.

அவள் புரட்டினாள், நான் பொரித்தேன். மாவை உதறச் சொன்னேன், உதறினாள். ஏன் என்று விளக்க வாயைத் திறந்தேன். "தெரியும்" என்றாள். கொழுப்பு மழைபோல இரைந்தது. பொன்னிறம் வந்ததும் நான் பழக்கதோஷத்தில் பாத்திரத்தின் பக்கம் திரும்பினேன். என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள்.

"மூடியைத் தொட்ட, கொன்னுடுவேன். தட்டுல கூட வேணாம், அடியில வேர்த்துடும். அந்தக் கம்பி வலையில வை. இப்படியே நின்னுட்டே சாப்பிடு."

நின்றுகொண்டே கடித்தேன். சத்தம் கேட்டது. வாய்க்கு வெளியே கேட்டதா, என் மண்டைக்குள் மட்டுமா என்று தெரியவில்லை. முதலில் தோல் உடைந்தது. அப்புறம் சூடு, அப்புறம் சாறு. கத்தி வேண்டியிருந்தது, கத்தி இல்லாமல் பல்லாலேயே இழுத்தேன். இத்தனை வருடம் நான் சாப்பிட்ட பொருளும் இதுவும் ஒரே மாவு, ஒரே முட்டை, ஒரே தூள் என்பதை நம்ப முடியவில்லை.

"எப்படி?"

"இது வேற."

"அதான் சொன்னேன்ல."

அவளுடையதைத் தின்று முடித்ததும் பாத்திரத்திலிருந்து நனைந்த ஒன்றையும் எடுத்துத் தட்டில் போட்டுக்கொண்டாள். கழன்ற தோலைச் சுரண்டி உருளைக்கிழங்கின் மேல் வைத்தாள்.

"பிடிக்காதுன்னியே?"

"பிடிக்காதுன்னு அம்மாவைச் சொன்னேன். எனக்குப் பரவால்ல." வாய் நிறைய மென்றபடி சேர்த்துக்கொண்டாள்: "ஆனா அடுத்த புதன்கிழமை ஆறு மணிக்கெல்லாம் என்னால வர முடியாது."

நான் மெல்லுவதை நிறுத்தினேன்.

"அஞ்சரைக்கே வந்துடுறேன். பொரிக்கும்போது இங்க ஆள் இருக்கணும். உன்னை நம்பி விட முடியாது."

"அதாவது, மூடி போடும்போது உள்ள இருக்கற ஆவி..."

"அப்பா. விளக்காத. ஆறிடும், சாப்பிடு."

கையில் இருந்த துண்டு இன்னும் சூடாக இருந்தது. சாப்பிட்டேன்.