எடை குறைந்த தொட்டிகள்

தொட்டிகளின் எடை குறைந்திருப்பதை எல்கேயின் கைகள்தான் முதலில் கண்டுகொண்டன. அது அவள் புத்திக்கு எட்ட மேலும் சில நாள் ஆயிற்று.

மே மாதத் தொடக்கம். ரைன் நதிக்கரையிலுள்ள ஷ்பையர் நகரத்தில் தொட்டிச்செடி வைத்திருக்கும் யாரும் அந்த நாட்களில் நிம்மதியாகத் தூங்குவதில்லை. பகலெல்லாம் வெயில் கொஞ்சும். இரவில் உறைபனி சத்தமில்லாமல் வந்து தளிர்களைக் கருக்கிவிட்டுப் போய்விடும். மாதத்தின் நடுவில் வரும் பனிப் புனிதர்களின் நாட்கள் ஒவ்வொன்றாகக் கழிந்து, அவர்களில் கடைசியான குளிர்சோஃபியின் நாளும் தாண்டினால்தான் செடிகளை வெளியிலேயே விட்டுவைக்கத் துணிச்சல் வரும். அதுவரை காலையில் வெளியே, மாலையில் உள்ளே. ஊரே தூக்கி இறக்கிக்கொண்டிருக்கும்.

எல்கேயின் தோட்டம் மொத்தமே இரண்டு இடங்களில் அடங்கிவிடும். தெருவிலிருந்து மூன்று படி ஏறினால் வீட்டு முகப்பு. அங்கே அரளியும் இரண்டு ஃபூஷியாச் செடிகளும். பின்பக்கம், முற்றத்தின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் பால்கனியில் தக்காளி, ஜெரேனியம், பார்ஸ்லி. குளிர்காலத்தில் அவளுக்கு முதுகில் அறுவை நடந்திருந்தது. தண்ணீர் நிறைந்த கெட்டிலைவிடக் கனமான எதையும் தூக்காதே என்று மருத்துவர் சொல்லி அனுப்பினார். வசந்தம் வந்ததும் அவள் செய்த முதல் வேலை தொட்டியைத் தூக்கியதுதான்.

"கையை எடு," என்றாள், உதவிக்கு வந்த கணவன் லோத்தரிடம். "என் தொட்டியை நான் தூக்க முடியலன்னா அப்புறம் நான் நோயாளிதான். அந்தப் பட்டம் எனக்கு வேண்டாம்."

லோத்தர் கையை எடுத்துக்கொண்டான். வாதாடுகிற ஆள் இல்லை அவன்.

முதலில் வலித்தது. பிறகு வலி குறைந்தது. உடம்பு தேறிவிட்டது என்று உள்ளூர மகிழ்ந்துபோனாள். ஆனால் ஒருநாள், தண்ணீர் ஊற்றிய கையோடு ஒரு தக்காளித் தொட்டியைத் தூக்க நேர்ந்தது. ஈரமண் நிறைந்த தொட்டி அது. இடுப்பை நொறுக்கியிருக்க வேண்டும். கூடையைத் தூக்குவதுபோல் எழும்பி வந்தது. அன்று மதியமே செடி துவண்டு தலையைத் தொங்கப் போட்டது.

"தொட்டியெல்லாம் லேசா இருக்கு," என்றாள் சாப்பாட்டு மேசையில்.

"உனக்கு பலம் வந்திருக்கு," என்றான் லோத்தர், செய்தித்தாளைத் தாழ்த்தாமல்.

உப்பு வேண்டுமா என்று கேட்டால்கூட யோசித்துப் பதில் சொல்கிறவன் அவன். இந்தப் பதில் கேள்விக்கு முன்பே வந்து காத்திருந்ததுபோல் இருந்தது. அவள் தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டாள். அவனும் அப்படியே.

அதன்பின் எல்லாமே கண்ணில் படத் தொடங்கின. அவன் நகக்கண்களில் மண். பிசியோதெரபிக்குப் போய்விட்டு அவள் திரும்பும் நாட்களில் பால்கனித் தரை துடைத்து ஈரமாக இருந்தது. வாழ்நாளில் துடைப்பத்தைத் தொட்டறியாதவன் லோத்தர். எல்லாவற்றையும்விட, அவன் வாயில் புதினா மிட்டாய் வாசனை.

அந்த வாசனையை அவள் மறந்திருக்கவில்லை. ஒரு காலத்தில் லோத்தர் ரைன் நதியில் சரக்குப் படகு ஓட்டினான். குடி அவனைக் கரையில் இறக்கிவிட்டது. வீட்டில் அவள் தேடாத இடமில்லை. ஆனாலும் எங்கிருந்தோ குடித்துக்கொண்டிருந்தான். ஒரு வசந்தத்தில் அரளியைத் தொட்டி மாற்றப் போனபோது மண்ணுக்கடியில் பாட்டில் கிடைத்தது. அன்று அவள் கத்தவில்லை. பாட்டிலைக் கழுவி மேசைமேல் வைத்தாள், அவ்வளவுதான். அவன் குடியை விட்டான். விட்டு எத்தனையோ வருடங்கள் ஆகிவிட்டன. அதைப் பற்றி அவர்கள் பேசிக்கொண்டதே இல்லை. அவன் வெளியே போய் வரும்போதெல்லாம் வாசலில் அவள் ஒரு முத்தம் கொடுப்பாள். அப்போது மூச்சை ஆழமாக உள்ளிழுப்பாள். இருவருமே அதை முத்தம் என்றுதான் சொல்லிக்கொண்டார்கள்.

பக்கத்துப் பால்கனி ட்ரௌட்டெல் பெட்டூனியா நட்டுக்கொண்டிருந்தாள். தடுப்புக்கு மேலாகத் தலையை நீட்டினாள்.

"எல்கே, உன் வீட்டுக்காரர் மார்லீஸோட வைன் கடையிலேர்ந்து வந்தாரே, பெரிய பை ஒண்ணைத் தூக்கிட்டு. என்ன, விருந்தா? என்னைக் கூப்பிடவே இல்லையே!"

"எப்ப பார்த்தே?"

"செவ்வாய்க்கிழமை. ஏன், உனக்குத் தெரியாதா? அடக் கடவுளே, நான் வாயை மூடிக்கிட்டு செடியை நட்டிருக்கணும்."

"நீ வாயை மூடினா செடியே பயந்துடும்," என்றாள் எல்கே. ட்ரௌட்டெல் சிரித்தாள். எல்கேயும் சிரித்தாள். உள்ளே போய்க் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். இன்னொரு முறை அந்த வாழ்க்கைக்குள் போகத் தன்னால் முடியாது என்று நினைத்தாள். இந்த வயதில், இந்த முதுகோடு, மறுபடியும் அலமாரிகளைத் துழாவிக்கொண்டு. அப்படியானால் பிரிந்துபோக வேண்டியதுதான். அந்த எண்ணம் எந்தச் சலனமும் இல்லாமல் வந்து மனதில் உட்கார்ந்தது. அதுதான் அவளை அதிகமாகப் பயமுறுத்தியது.

அன்று சாயங்காலம் லோத்தர் வெளியே போயிருந்தான். வானம் துடைத்துவிட்டதுபோல் தெளிவாக இருந்தது. இரவு பனி நிச்சயம். எல்கே முகப்பில் செய்தித்தாள்களை விரித்து, அரளித் தொட்டியின் முன் மண்டியிட்டாள். ஒரு மூங்கில் குச்சியை மண்ணில் செருகினாள். பாதி ஆழம்வரை சரளமாகப் போன குச்சி, அதன்பின் எதிலோ மெத்தென்று முட்டி நின்றது. தொட்டியைச் சாய்த்துச் செடியை வேரோடு உருவினாள். அடியிலிருந்து கார்க்குகள் கொட்டின. கைநிறைய, மடிநிறைய, முனையில் ஊதாக்கறை படிந்த வைன் பாட்டில் கார்க்குகள்.

ஒரு கார்க் என்றால் ஒரு பாட்டில். இத்தனை பாட்டிலை ஒரு மனிதன் குடித்திருக்க முடியாது என்பது குழந்தைக்கும் தெரியும். ஆனால் சந்தேகம் பிடித்தவளுக்குக் கணக்கு ஓடுவதில்லை. அதே தொட்டி, அதே ஆள் என்பது மட்டும்தான் மண்டைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது.

படியில் காலடிச் சத்தம் கேட்டது. லோத்தர் கையில் பையோடு நின்றான். செய்தித்தாளையும் அவள் மடியையும் பார்த்தான்.

"பையில என்ன?" என்றாள்.

அவன் பையைக் கவிழ்த்தான். அதிலிருந்தும் கார்க்குகள்தான் உருண்டன.

"இவ்வளவையும் நான் குடிச்சிருந்தா, எல்கே, இந்நேரம் இந்தத் தொட்டியில நீ என்னைத்தான் புதைச்சிருப்பே."

அவள் சிரிக்கவில்லை. அவன் மேல்படியில் உட்கார்ந்தான்.

"ஈரமண்ணுதான் கனம். அடியில பாதி மண்ணை எடுத்துட்டு கார்க்கைப் போட்டா பாரம் போயிடும், என்ன, தண்ணி சீக்கிரம் வத்திடும். எடுத்த மண்ணை முற்றத்துல கொட்டினேன். ஒவ்வொரு தொட்டியா, நீ பிசியோதெரபிக்குப் போற நேரத்துல."

"சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா விட்டிருப்பியா? நீயே தூக்கறேன்னு நீ நினைக்கணும். அது உனக்கு எவ்வளவு வேணும்னு எனக்குத் தெரியாதா?"

"அதுக்கு மார்லீஸ் கடைக்குத்தான் போகணுமா?"

"அங்கதான் தினம் பாட்டில் திறந்து ஊத்துறாங்க. கார்க் வேற எங்க கிடைக்கும், ரொட்டிக் கடையிலயா?"

"உள்ள போனியா?"

"போனேன்." அவன் தன் கைகளைப் பார்த்தான். "முதல் நாள் கை நடுங்கிச்சு. பையை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு நின்னேன்."

"புதினா மிட்டாய் எதுக்கு?"

"கடை வாசனை ஒட்டிக்கும். வாசல்ல நீ மோந்து பார்ப்பியே."

இத்தனை வருடமாக 'மோந்து' என்ற அந்த வார்த்தையை இருவரும் உச்சரித்ததில்லை. தெருவில் யாரோ சைக்கிளில் போனார்கள். மணியொலி தேய்ந்து மறைந்தது.

"மார்லீஸுக்கு போன் பண்ணிக் கேளு," என்றான் லோத்தர்.

தேவையில்லை என்று சொல்ல வேண்டும் என்றுதான் எல்கே நினைத்தாள். அவன் சொன்னது உண்மை என்று அவளுக்குத் தெரிந்தேயிருந்தது. ஆனாலும் மண் ஒட்டிய கை மேலங்கிப் பையிலிருந்து போனை எடுத்துவிட்டது.

"லோத்தரா?" மார்லீஸின் குரல் வழக்கம்போல் தெருவுக்கே கேட்டது. "என் கடைக்கு வந்து குப்பையைக் கேக்குற ஒரே ஆளு அவருதான்! ஒரு காபி குடுத்தாக்கூட வாசல்லயே நின்னு குடிக்கிறாரு, உக்கார மாட்டேங்கிறாரு. என்ன எல்கே, ஏதாவது பிரச்சனையா?"

"இல்ல, இல்ல. கார்க் இன்னும் இருக்கான்னு..."

"மூட்டையா இருக்கு. அனுப்பி வை."

போனை வைத்தாள். லோத்தருக்கு எல்லாம் கேட்டிருந்தது. நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கும் என்று எதிர்பார்த்தாள், இறங்கவில்லை. அவன் உண்மையைச் சொன்ன பிறகும் அவள் போனை எடுத்துச் சரிபார்த்தது இனி இந்த வீட்டை விட்டுப் போகாது. அதற்கு எந்த மன்னிப்பும் அவளுக்குத் தோன்றவில்லை.

"வேர் காயுது," என்றான் லோத்தர்.

அவன் வந்து செடியைப் பிடித்தான். அவள் கார்க்குகளை ஒதுக்கிவிட்டு மண்ணை அள்ளிப் போட்டாள். வசந்தத் தொடக்கத்தில் அவன் வாங்கி வைத்திருந்த தோட்டமண் மூட்டையையும் பிரித்து வெறும் மண்ணாகவே நிரப்பினாள்.

"நேராப் பிடி."

"நேராத்தான் இருக்கு."

"இடது பக்கம் சாயுது, கண்ணு தெரியலையா? படகையும் இப்படித்தான் ஓட்டினியா?"

அவன் செடியை நிமிர்த்தினான். "கார்க் போடலையே?"

"வேண்டாம். அந்தக் கடைக்கு இனிமே போகாதே."

"இன்னும் நம்பலையா?"

அவள் மண்ணை அழுத்திக்கொண்டே இருந்தாள். "நம்பறேன். கை நடுங்கிச்சுன்னு சொன்னியே, அதையும் நம்பறேன். அதனாலதான்."

லோத்தர் தலை குனிந்துகொண்டான். பிறகு, "இதை இப்ப உன்னால அசைக்கக்கூட முடியாது," என்றான்.

"அதான் நீ இருக்கியே. அந்தப் பக்கம் பிடி."

இருவரும் குனிந்து தூக்கினார்கள். கதவு குறுகல். அவன் பின்னோக்கி நடந்தான். அவள் வழி சொன்னாள். வீட்டு நடையில் பாதி தூரம் போனபோது அவள் நின்றாள். முதுகு வலிக்கவில்லை.

"தொட்டியை உன் பக்கமா சாய்ச்சுப் பிடிச்சிருக்கியா?"

"இல்லையே."

"பொய்."

அவன் அடுத்த அடியைப் பின்னோக்கி வைத்தான். வெளியே இன்னும் இரண்டு ஃபூஷியாச் செடிகள் பாக்கி இருந்தன. குளிர் இறங்கத் தொடங்கியிருந்தது.