பாண்டூனில் பேங்க் யாருக்கு

பாண்டூன் ஆடப் பெரிய மூளை எதுவும் வேண்டாம். கையில் இரண்டு சீட்டு. கூட்டினால் இருபத்தொன்றை நெருங்க வேண்டும், தாண்டினால் போச்சு. இன்னொரு சீட்டு வேண்டுமென்றால் ‘ட்விஸ்ட்’, போதுமென்றால் ‘ஸ்டிக்’. சீட்டைப் போட்டு, மற்ற எல்லோரோடும் தனியாக மோதுபவர்தான் ‘பேங்க்’. அவரும் நாமும் சமமாக வந்துவிட்டால் வெற்றி பேங்க்குக்கே. இதுதான் என் வயிற்றெரிச்சல். ஏனென்றால் எங்கள் குடும்பத்தில் பேங்க் என்றால் ஹில்டா. என் கணவன் கிளிஃபின் அக்கா.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள், மிச்ச வான்கோழியைத் தின்று முடித்துவிட்டு, பார்ன்ஸ்லியில் அவள் வீட்டில் பணத்துக்குப் பதில் பந்தயம் கட்ட தீக்குச்சிகளைப் பங்கு போட்டு உட்காருவோம். டீ வரும்போது பேங்க் யார் கையில் இருக்கிறதோ, கோடை விடுமுறைக்கு யார் எங்கே போவது என்று அவர் சொல்வதுதான் சட்டம். கல்யாணமான நாளிலிருந்து மேபிள்தார்ப் கடற்கரைதான். ஹில்டாவோடு ஒரே காரவன் வண்டிவீட்டில். வெளியே மழை, உள்ளே அவளுடைய உபதேசம். கார்ன்வாலுக்குப் போக வேண்டும், நானும் கிளிஃபும் மட்டும். அவ்வளவுதான் என் ஆசை.

பேங்க்கைப் பிடுங்க ஒரே வழி, முதல் இரண்டு சீட்டும் ஏஸும் பத்துமாகவோ, ஏஸும் படச்சீட்டுமாகவோ விழ வேண்டும்; ஏஸுக்குப் பதினொன்று, படச்சீட்டுக்குப் பத்து. அதற்குப் பெயர்தான் பாண்டூன். எனக்கு அது விழுந்ததே கிடையாது.

“பதினெட்ட கையில வச்சுக்கிட்டு ட்விஸ்ட் கேக்குறியே பெரில், உனக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தது யாரு?” என்றாள் ஹில்டா, என் குச்சிகளை வாரிக்கொண்டே.

“உன் மூஞ்சியப் பாத்தா எனக்குக் கணக்கே மறந்துபோகுது.”

கடைசி ஆட்டம். கிளிஃப் சீட்டைத் திருப்பினான். ஏஸ், ராஜா! ஹில்டாவிடம் வெறும் பத்தொன்பது. நான் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டேன்.

“பேங்க் நம்ம கைக்கு வந்துடுச்சு! கார்ன்வால்னு சொல்லு கிளிஃப், சொல்லித் தொலை!”

ஹில்டா பதறவில்லை. தன் தீக்குச்சிக் குவியல் முழுவதையும் அவன் பக்கம் தள்ளினாள்.

“பேங்க்க எனக்கே வித்துடுடா. மொத்தமும் நீயே வச்சுக்கோ.”

விற்கலாம். விதியிலேயே இடமிருக்கிறது. எந்தப் பாவி அதைச் சேர்த்தானோ!

“சரி,” என்றான் கிளிஃப்.

சமையலறையில் அவனை மடக்கினேன்.

“தீக்குச்சிக்கு வித்துட்டியே மனுஷா! அவள எதுத்து ஒரு வார்த்த பேச உனக்கு அவ்ளோ பயமா?”

“பயமெல்லாம் இல்ல.” அவன் டீக்கோப்பைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். “அங்க போனா நீயும் நானும் மட்டும்தானே பெரில். ஒரு வாரம் முழுக்க என்னத்தப் பேசுறது?”

எவ்வளவோ இருக்கே என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஹில்டாவைத் தவிர வேறு ஒரு பேச்சும் எனக்கு அகப்படவில்லை.